பறிக்குள் ஒரு கை

டப்பில் இருந்த சேற்றை யாரோ தடவிப் பார்த்திருந்தார்கள்.

நேற்றுச் சாயங்காலம் கிளம்பும்போது வினோதினியே அந்தச் சேற்றை இரண்டு உள்ளங்கையாலும் மழமழவென்று நிரவி, மேலே ஒரு குடம் ஏரித் தண்ணீரை அலுங்காமல் ஊற்றிவிட்டுப் போயிருந்தாள். அனிதா அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்ததையும் கண்ணால் பார்த்தாள். இப்போது காலை பத்தரை மணிக்கு அதே பூட்டைத் திறந்து உள்ளே வந்தால், தெளிந்து கிடந்த தண்ணீருக்கு அடியில் விரல் தடங்கள். ஐந்து ஐந்தாகக் கோடுகள். பக்கம் பக்கமாக இரண்டு கைகள், கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் போயிருக்கின்றன. பூனையாவது எலியாவது! இது இறால் தடவுகிற கை, அதுவும் வருஷக்கணக்கில் பழகின கை. டப்பின் நடுவில் தொடங்கி, நாலு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பவும் நடுவிலேயே வந்து முடிந்திருந்தது. ஓரத்து வழியாக ஒரு கை உள்ளே வந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை.

“அனிதா, இத்த யாரு தொட்டா?”

எட்டிப் பார்த்த அனிதாவுக்கு அது வெறும் கலைந்த சேறு. “நேத்து நீதான்க்கா சரியா நிரவல. வா, சார் கார்ல போயி உக்காந்துட்டாரு, டைம் ஆவுது,” என்றாள். அனுப்பம்பட்டுப் பெண், படித்தவள், ஆராய்ச்சிக்கு வந்திருக்கிற சாரிடம் சம்பளத்துக்குக் குறிப்பெடுக்கிறவள். பேய் பிசாசு என்று பேச்செடுத்தால் சிரித்துவிடுவாள்.

வினோதினி சரியாகத்தான் நிரவியிருந்தாள். ஆனால் ஏற்கெனவே ஊரே அவளைப் பற்றி ஒரு தினுசாகப் பேசிக்கொண்டிருக்கிறது. இங்கேயும் அந்தப் பேரை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமா? குனிந்து சேற்றை மறுபடி நிரவினாள். வழக்கத்தைவிட அது சில்லென்று இருந்தது.

அவள் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். லைட்ஹவுஸ் குப்பத்தில் கடலைப் பார்த்த இந்தத் தளம் போட்ட வீட்டை ஜேம்ஸ் என்கிற ஆராய்ச்சிக்காரர் ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார். கண்ணால் பார்க்காமல் காதால் கேட்காமல் மனிதர்களுக்குச் சில சங்கதிகள் தெரியவருகிறதே, அது நிஜமா, நிஜம் என்றால் எத்தனை தடவைக்கு எத்தனை தடவை நிஜம் என்று அளந்து பார்ப்பது அவர் தொழில். சென்னையில் உட்கார்ந்திருந்த மனிதரின் காதுக்கு வினோதினியின் பேர் எப்படியோ எட்டிவிட்டது.

வினோதினி ஏரிக்கரைக்காரி. வலை கிடையாது, படகு கிடையாது, கைதான் எல்லாம். பெண்கள் வரிசையாக ஏரியில் இறங்கி, தாடை நனையக் குந்தி உட்கார்ந்து, பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவியபடியே நகர்வார்கள். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலையே இல்லை. விரலில் ஏதாவது பட்டால் கையைப் பின்னுக்கு இழுக்கக் கூடாது. இழுத்தால் இறால் துள்ளி ஓடிவிடும். பட்டதும் இரண்டு உள்ளங்கையும் சேர்ந்து மூட வேண்டும். யோசித்து மூடுகிற காரியம் இல்லை அது. ஏழு வயதிலிருந்து தண்ணீரில் கிடக்கிற கை, தானாகவே மூடிக்கொள்ளும்.

போன இரண்டு வருஷத்தில் மூன்று பேர் ஏரியில் விழுந்து காணாமல் போனார்கள். படகும் கொக்கியும் போட்டு ஊரே தேடி ஓய்ந்த பிறகு, மூன்று உடலையும் எடுத்துக் கொடுத்தது அவள் கைதான். கடைசியாக எடுத்தது காசியம்மாளின் மகன் அர்ஜுனனை. பத்தொன்பது வயசு. ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறங்கிய பத்தாவது நிமிஷம் அவன் சட்டைக் காலர் அவள் விரலில் பட்டது.

தேடச் சொல்லிக் காலில் விழும்போது ஊருக்கு ஒரு நாக்கு. எடுத்துக் கொடுத்த பிறகு இன்னொரு நாக்கு. “ரெண்டு நாளா எல்லாரும் தேடினாங்கோ. நீ எறங்கி பத்து நிமிஷத்துல தூக்கினு வர. வெச்ச எடம் தெரிஞ்சவளுக்குத்தான்டி அது முடியும்,” என்றாள் காசியம்மாள். பெற்ற வயிறு எரிகிறது, ஏதோ பேசுகிறாள் என்று முதலில் விட்டார்கள். பிறகு உட்கார்ந்து கேட்டார்கள். பிறகு நம்பினார்கள். வரிசையில் வினோதினிக்குப் பக்கத்தில் யாரும் இறங்குவதில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் மகள் திவ்யாவுக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. ஆறு வயசுக் குழந்தை! எந்தப் பிள்ளையோ காலைப் பிடித்து இழுத்ததில் வலது கொலுசில் ஒரு சலங்கை பிய்ந்தே போய்விட்டது. புருஷன் சந்தோஷுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. பத்து நாளைக்கு ஒருமுறை வருவான், வந்தாலும் “வாய மூடிக்கினு இரு” என்பதற்கு மேல் அவனிடம் ஒன்றும் பெயராது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடுகிறது. தாயையும் பிள்ளையையும் கரையில் வைத்துக்கொள்வதா துரத்துவதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

“இது சூனியம் இல்ல, மனுஷ உடம்புல இருக்கிற ஒரு திறமை. அப்படினு எழுதி சீல் போட்டுத் தரேன்மா. ஊர் முன்னாடி நானே வந்து படிக்கிறேன்,” என்று ஜேம்ஸ் சொல்லியிருந்தார். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். திவ்யா மேல் ஒருத்தர் கை படாமல் இருக்க ஒரு காகிதம்.

சோதனை தினமும் ஒரே மாதிரிதான். உள்ளறையில் ஒரு மணைக்கட்டை, எதிரில் மீன் ஏற்றுகிற நீல டப். கண்களின் மேல் இரண்டாக வெட்டிய வெள்ளைப் பந்தை வைத்து ஒட்டிவிட்டு, சிவப்பு பல்பைப் போடுவார்கள். எங்கே பார்த்தாலும் இளஞ்சிவப்பாக ஒரு மூட்டம் மட்டும் தெரியும். காதில் மாட்டுகிற ஹெட்போனில் ஓயாத இரைச்சல், தகரத்தில் மழை பெய்வது போல. ஒரு கிலோமீட்டர் தள்ளி லைட்ஹவுஸ் அடியில் காருக்குள் ஜேம்ஸ் உட்கார்ந்திருப்பார். அவரிடம் ஒரு பெட்டியில் பத்துப் பொருள்கள். மிஷின் எந்த நம்பரைக் காட்டுகிறதோ அந்தப் பொருளைக் கையில் எடுத்து அதையே நினைத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் காதில் மணி அடித்ததும், அவர் கையில் என்ன இருக்கிறது என்று அவள் ஹெட்போன் மைக்கில் சொல்ல வேண்டும்.

முதல் நாள் ஒன்றுமே வரவில்லை. “கை சும்மா இருந்தா எனக்கு இன்னா தெரியும் சார்? சேறு வோணும்,” என்றாள். உடனே ஆள் அனுப்பி, அர்ஜுனனை எடுத்த இடத்திலிருந்தே சேறு அள்ளிக்கொண்டு வரச் சொன்னார். “அதே சேறா இருந்தாதான் சோதனை சரியா இருக்கும்.” அந்த இடம் வேண்டாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து வர ஆரம்பித்தது. சீப்பு, இரண்டு பல் உடைந்தது. வெண்சங்கு. சாவி. முப்பது தடவையில் பத்தொன்பது சரி. ஜேம்ஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. வினோதினிக்கோ அந்தச் சேற்றிலிருந்து ஏதாவது வருவதே பயம். எல்லாம் தப்பாகப் போக வேண்டும், ‘உனக்கு ஒன்றும் இல்லை, போம்மா’ என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்று அவள் உள்ளூர எவ்வளவு வேண்டிக்கொண்டிருந்தாள்!

தடம் பார்த்த அன்றைக்கு, வியாழக்கிழமை, எட்டாவது தடவைக்கான மணி காதுக்குள் அடித்தது. கைகளைச் சேற்றில் விட்டாள். வெளியே காய்கிற கருவாட்டின் வீச்சம் ஜன்னல் இடுக்கு வழியாக வந்து, அறைக்குள் கிடந்த சேற்று வாடையோடு கலந்து தொண்டையில் உட்கார்ந்தது. தடவினாள். ஒன்றும் இல்லை. இன்னும் தடவினாள். விரலில் ஒரு விரல் பட்டது.

தன் இடது கைதான் என்று நினைத்தாள். பிறகு இடது கையின் விரல்களை மடக்கிப் பார்த்தாள். அந்த விரல் மடங்கவில்லை.

கையை இழுத்திருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அலறி அடித்துக்கொண்டு இழுத்திருப்பார்கள். ஆனால் பழகின கையாயிற்றே! அவள் கட்டளையைக் கேட்காமலே இரண்டு உள்ளங்கையும் சேர்ந்து அதை மூடிக்கொண்டன.

மூடிய கைக்குள் இருந்தது ஒரு பெண் கை. ஊறிச் சுருங்கிய தோல். சேற்றில் தேய்ந்து தேய்ந்து சதையோடு சதையாகப் போன நகம். கட்டைவிரல் ஓரத்தில் காய்ப்பு, அவளுக்கு இருக்கிற அதே இடத்தில். அது திமிறவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு நிதானமாகத் திரும்பி, அவள் கையைத் தடவிப் பார்க்கத் தொடங்கியது. ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு கணுவாக. வளையலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. மணிக்கட்டின் நாடியில் வந்து நின்றது. அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது அதற்குத் தெரிந்திருக்கும். பிறகு அடியில் போய்விட்டது.

“கை,” என்றாள் வினோதினி. அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை. “ஒரு பொம்பள கை.”

இரைச்சல் நின்றது. ஹெட்போனில் ஜேம்ஸின் குரல் வந்தது. “வினோதினிம்மா, இந்தத் தடவை வேணும்னே நான் எதையும் எடுக்கல. பெட்டியையே திறக்கல. நினைக்கவும் இல்ல.” அவருக்கு மூச்சு வாங்கியது. சந்தோஷத்தில்! “அப்போ அது யார்கிட்டேருந்து வந்துச்சு?”

யாரிடமிருந்து என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

அர்ஜுனனின் காலரைப் பிடித்து இழுத்தபோது அவன் லேசாக வரவில்லை. அந்தப் பக்கத்தில் யாரோ பிடித்திருந்தார்கள். வலையில் சிக்கியதும் இல்லை, வேரில் மாட்டியதும் இல்லை; பிடித்துக்கொண்டிருந்தது ஒரு கை. அவள் இழுக்க அது இழுக்க, கடைசியில் அது விட்டது. தோற்று விட்ட மாதிரி இல்லை. சரி, எடுத்துக்கோ என்று விட்டது. அதற்கு முன்னால் எடுத்த இரண்டு பேருக்கும் அப்படியேதான்.

தடவிப் பிடிக்கிற பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கலங்கலில் இரண்டு பேர் கை ஒரே இறால் மேல் பட்டுவிட்டால், முதலில் பட்ட கைக்குத்தான் அது சொந்தம். இரண்டாவதாக வந்தவள் மீறி எடுத்துக்கொண்டால் சண்டை போட மாட்டார்கள். கரையேறியதும் முதல் கைக்காரி கண்ணை மூடிக்கொண்டு மற்றவளின் பறிக்குள் கையை விடுவாள். எது கைக்குக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்வாள். பெரிசா சின்னதா என்று பேச்சில்லை. கொடுக்க மாட்டேன் என்று யாரும் சொன்னதும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தலை வாரிவிடும்போது திவ்யா கேட்டாள். “மா, ராத்திரி ஏன் என் மூஞ்சியத் தடவிக்கினே இருந்த? கை ஜில்லுனு இருந்திச்சி.”

வினோதினி ராத்திரி எழுந்திருக்கவே இல்லை. சீப்பு கையிலிருந்து நழுவி விழுந்தது. பாயை உதறிப் பார்த்தாள், தலையணையைப் புரட்டிப் பார்த்தாள். சிமெண்ட் தரையில், குழந்தை படுத்திருந்த இடத்தைச் சுற்றி, காய்ந்த சேறு ஐந்து ஐந்து கோடாக ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் மட்டும் ஒரு குழந்தை அளவுக்குச் சுத்தமாக இருந்தது. துடைத்தாள். தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். அன்றைக்கு ஜேம்ஸ் வீட்டுக்குப் போகவில்லை. ராத்திரி முழுக்கக் குழந்தையை மடியிலேயே போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண் மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை விடிந்தபோதே மழை. பள்ளிக்கூடம் லீவு. எட்டு மணிக்கெல்லாம் காசியம்மாள் வாசலில் வந்து நின்றாள். குடை கிடையாது, நனைந்துகொண்டே நின்றாள்.

“நாளைக்கு ஊர் இன்னா சொல்லப்போதுனு உனக்குத் தெரியுமில்ல?”

“தெரியும்.”

“துணிமணியக் கட்டி வெச்சிக்க.” அவள் பார்வை வினோதினியைத் தாண்டி உள்ளே போய்த் திவ்யா மேல் நின்றது. “எனக்கும் ஒண்ணுதான் இருந்திச்சி,” என்றாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு குழந்தையை இந்தக் கரையில் யாரிடம் விட்டுவிட்டுப் போவது? காகிதம் இல்லாமல் நாளைக்கு எந்த முகத்தோடு நிற்பது? குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, லைட்ஹவுஸ் குப்பத்துக்கு நடந்தாள். வழியெல்லாம் தேங்கி நின்ற தண்ணீரில் ஒன்றைக்கூட மிதிக்கவில்லை. சுற்றிச் சுற்றிப் போனாள்.

ஜேம்ஸ் காகிதத்தை டைப் அடித்து வைத்திருந்தார். சீல்கூடப் போட்டாயிற்று. அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அவளுக்குக் காட்டினார். கொடுக்கவில்லை.

“இன்னிக்கு ஒரே ஒரு தடவைம்மா. வியாழக்கிழமை மாதிரியே. நான் பெட்டியைத் தொட மாட்டேன். முடிஞ்சதும் இது உங்க கையில.”

“வோணாம் சார். அதுல கைய விட வோணாம். உங்க கால்ல விழறேன்.”

“பயப்படறதாலதான் இதைக் குடுக்க முடியாம போகுது. பாதியில விட்டுட்டீங்கன்னா நான் என்னன்னு படிக்கிறது?” நல்ல மனிதர்தான். குரலை உயர்த்தவே இல்லை. கவரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காரை நோக்கிப் போனார்.

வினோதினி ஹாலின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திவ்யாவை அதில் உட்கார வைத்தாள். அனிதா ஒரு நோட்டும் கிரேயான் டப்பாவும் கொடுத்தாள்.

“காலத் தூக்கி மேல வெச்சிக்க. நான் வர்ற வரிக்கும் எறங்கக் கூடாது. தரையில கால வெக்கவே கூடாது. புரிதா?”

“ஏம்மா?”

“சொன்னாக் கேளு!” எரிந்து விழுந்துவிட்டு, மனசு கேட்காமல் திரும்பி வந்து அந்த நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள். “அனிதா, இவ மேல கண்ணா இரு. உன்னக் கும்புட்டுக் கேட்டுக்கறேன்.”

“இங்கயேதான்க்கா இருக்கேன். நீ போ.”

உள்ளறைக் கதவு சாத்தப்பட்டது. டப்பில் சேறு. இன்றைக்கு அதை யாரும் தடவியிருக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் நிரவி விட்டது அப்படியே வழவழவென்று கிடந்தது. அதைப் பார்த்து அவளுக்குத் துளிக்கூட நிம்மதி வரவில்லை. தேடி முடித்த இடத்தில் யார் திரும்பத் தேடுவார்கள்? கண்ணில் பந்தை ஒட்டிக்கொண்டாள். சிவப்பு மூட்டம் சூழ்ந்தது. காதில் மழை இரைச்சல் நிறைந்தது. வெளியே பெய்கிற நிஜ மழை எது, இது எது என்று பிரித்தறிய முடியவில்லை. மணி அடித்தது.

கைகளை விட்டாள்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. சேறு மட்டும். விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போகிற குளிர்ந்த சேறு. ஒருவேளை வராது. ஒருவேளை இன்றைக்கு வராமலே போய்விடும். ‘ஒண்ணும் இல்ல சார்’ என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

வந்தது.

அவள் புறங்கை மேல் ஊர்ந்தது. ஒரு கணம் நின்றது. அடையாளம் பார்த்தது. பிறகு அவள் இரண்டு கையையும் பக்கத்துக்கு ஒன்றாகத் தள்ளி ஒதுக்கியது. தடவும்போது கையில் படுகிற வெற்றுச் சிப்பியை அவள் எப்படி ஒதுக்குவாளோ அப்படி. ஒதுக்கிவிட்டு அவளைத் தாண்டிப் போனது.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் விரல்நுனியில் சிமெண்ட் பட்டது.

காய்ந்த சிமெண்ட். மேலே மணல் துகள். அவள் கை சேற்றுக்குள்தான் இருக்கிறது, அசைக்கவே இல்லை. ஆனாலும் விரலில் சிமெண்ட் பட்டுக்கொண்டே போனது. பிறகு மரம். கதவின் அடிச்சட்டம், தண்ணீரில் ஊறி உப்பிய இடம். பிறகு தேங்காய்நார் மிதியடி.

இந்தத் தரை அவளுக்குத் தெரியும். ஒரு வாரமாக நடக்கிற தரை.

இத்தனை நாளும் ஜேம்ஸ் கையில் எடுத்ததெல்லாம் அவள் விரலுக்கு வந்தது. இன்றைக்கு ஜேம்ஸ் எதையும் எடுக்கவில்லை. எடுக்கப் போகிறது வேறு ஒரு கை.

“திவ்யா! கால மேல வை! எறங்காத!”

கத்தினாளா? கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. இரைச்சல்.

பிளாஸ்டிக். நாற்காலிக் கால். ஒன்று. தடவியது. இரண்டு. மூன்று. நாலு.

மேலே எட்டிப் பார்க்கவில்லை. அது கையால் மட்டும்தான் பார்க்கும். அடியில் மட்டும்தான் தேடும். குழந்தை மேலே இருக்கிறாள். அசையாமல் இருந்தால் போதும். அசையாமல் இரு கண்ணே. என் அம்மா இல்ல, என் தங்கம் இல்ல.

வழவழவென்று ஏதோ உருண்டு வந்து விரலில் முட்டியது. மெழுகு. காகிதம் சுற்றிய சின்னத் துண்டு.

கிரேயான். கீழே விழுந்துவிட்டது.

அதை எடுக்க இறங்குவாள்.

எடுக்காதே.

கதகதப்பு. சின்னது. ஐந்து விரல். குதிகால். மேலே கொலுசு. சலங்கை, சலங்கை, ஒரு வெற்றிடம், சலங்கை.

பட்டதும் அவள் கைகள் மூடிக்கொண்டன.

அவள் மூடவில்லை. மூடாதே என்று உயிரே போகிற மாதிரி நினைத்தாள். ஏழு வயதிலிருந்து பழகின கை. யோசிப்பதற்கு முன்னால் மூடிவிட்டது. இறுக்கமாக, இடுக்கில்லாமல், பழுதில்லாமல்.

தலையை உதறினாள். பந்துகள் பிய்ந்து விழுந்தன. ஹெட்போன் வழுக்கித் தரையில் விழுந்தது. சிவப்பு வெளிச்சத்தில் அறை, சுவர், மூடிய கதவு. எதிரில் டப். முழங்கை வரைக்கும் அவள் கை சேற்றுக்குள் இருந்தது.

டப்பின் ஆழம் ஒரு சாண்தான்.

கதவுக்கு அந்தப் பக்கம் அனிதா. “அக்கா, இன்னா கத்துற? பாப்பா இங்கதான்...” பேச்சு நின்றது. நாற்காலி இழுபடும் சத்தம். “திவ்யா? திவ்யா எங்க போயிட்ட? அக்கா! வாசக்கதவு சாத்திதான் கீது. இப்பதானே இங்க... திவ்யா!”

மூடிய கைக்குள் அது உதைத்தது. சின்னக் கணுக்கால். உயிரோடு, கதகதப்பாக. சேற்றுக்கு அடியில், வெகு ஆழத்தில், சலங்கை ஒருமுறை சிணுங்கியது.

வினோதினி இழுத்தாள்.

அந்தப் பக்கம் இழுத்தது.

முழங்கை போய்த் தோள்வரை உள்ளே போனது. கன்னம் சேற்றில் பதிந்தது. உப்பு. மூக்கில் சேறு. விடவில்லை. முதலில் பட்ட கை எது, இரண்டாவது கை எது என்று அவளுக்குத் தெரியும். வழக்கமும் தெரியும். விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இருபத்தொன்பது வருஷத்து உடம்பையும் சேர்த்து இழுத்தாள்.

இழுப்பு நின்றது. கணுக்கால் அவள் கைக்குள்ளேயே இருந்தது. உதைப்பதை மட்டும் நிறுத்தியிருந்தது.

தரையில் கிடந்த ஹெட்போனிலிருந்து ஜேம்ஸின் குரல் சின்னதாக வந்தது. “ரொம்ப நல்லா வருதும்மா. விட்டுடாதீங்க. இப்ப கையில என்ன இருக்கு? சொல்லுங்க.”

அடியிலிருந்து ஊறிச் சுருங்கிய விரல்கள் வந்தன. அவசரம் இல்லாமல் அவள் மூடிய கையைத் தடவிப் பார்த்தன. ஒரு சின்னக் குழந்தை கையில் பிடித்து வைத்திருப்பதைப் பெரியவர்கள் நோகாமல் வாங்குகிற மாதிரி, அவள் சுண்டுவிரலை மெல்லப் பிரித்தன. பிறகு மோதிர விரலை. பிறகு நடுவிரலை.